வியாபாரியின் மனைவி கதவைத் திறந்த நாள்

பக்கவாதம் வந்து என் கணவரின் வலது பக்கம் விழுந்த பிறகு, அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதும் என் வேலைகளில் ஒன்றானது. உக்குவளைக்கு மேலே ஒரு மிளகுத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய வெனிஸ் நகரத்து வியாபாரி ஒருவனைப் பற்றிய ஆங்கில நாவல் வரிசையின் மேல் அவருக்குப் பைத்தியம். ஆறு பாகங்களைக் கண்டியின் பழைய புத்தகக் கடைகளில் தேடிப்பிடித்துத் தானே வாசித்து முடித்திருந்தார். கடைசிப் பாகத்தைக் கனடாவிலிருந்து என் தங்கை அனுப்பியபோது, அவர் கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. நான் ஆங்கிலத்தில் வாசித்தால் பாதி வசனத்திலேயே அவருக்குப் பிடி விட்டுப்போனது. தமிழில் சொல்லச் சொன்னார்.

நான் மாத்தளையில் டீச்சர். காலையில் அவரைத் துடைத்து, சோறாக்கி வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என் பையைக் கொட்டச் சொல்வார்கள். பின்னேரம் வீடு வந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவர் கண் புத்தகத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு வரியாகத் தட்டுத்தடுமாறித் தமிழாக்குவேன். பல நாட்கள் எனக்கு எரிச்சலாக இருந்தது. வியாபாரி மிளகு மூட்டையைப் பிரித்தால் மட்டும் அவருக்கு உயிர் வரும்.

"ஈர மெளக மூட்ட கட்டியிருக்கான். பூஞ்சணம் புடிக்காம என்ன செய்யும்?"

கடைசி அத்தியாயத்தை இடைவேளையில் பள்ளிக்கூடத்திலேயே முன்கூட்டி வாசித்தேன். வியாபாரி பதினொரு வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான். மனைவி இரண்டு மாதம் முன்னால் காய்ச்சலில் இறந்திருக்கிறாள். படுக்கையில் கிடக்கும் மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்று பின்னேரம் மாற்றிச் சொன்னேன். அவன் தட்டுகிறான், அவளே கதவைத் திறக்கிறாள், அவன் நரைத்த தாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"டீச்சர், புத்தகத்துல அப்புடியா இருக்கு?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இந்த ஒரு எடம் மட்டும்தான் நீ தடுமாறாம சொன்ன."

நான் மூடிய புத்தகத்தின் அட்டையைத் துடைத்தேன்.

"செத்துட்டாளா?"

தலையாட்டினேன். "ஒங்கள்ட்ட அத வாசிக்க எனக்குத் தெம்பில்லங்க."

"மெதுவா வாசி. அவ கதையும் கேக்கணுமில்ல?"

வாசித்தேன். அந்தப் பெண் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியது, தனியே கடையைத் திறந்து மூடியது, காய்ச்சலோடு விறகு சுமந்தது எல்லாம் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாசித்தபோது அவற்றை நான் கவனிக்கவே இல்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் இடது கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போகாத. படுத்து ஒறங்கு."

"ஒங்களுக்கு யாரு சோறாக்குவா?"

"பக்கத்து லயத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்தப்ப சொல்லிட்டேன். நீ காலையில தண்ணிக்குப் போனப்பவே."

மறுநாள் லீவு போட்டேன். தோட்டத்துப் பகல் சங்கு ஊதியதுகூட எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். ஆங்கிலப் புத்தகம் எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. பின்னேரங்களில் இருவரும் ரேடியோ கேட்டோம். பெரும்பாலும் நான் பாதியில் தூங்கிவிடுவேன்.