பெரியண்ணன் கோப்பில் கோத்து வைத்த கடிதம்

கார் எங்களுடையது. ஓட்டியவர் என் கணவர், ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுவித் துடைத்தவள் நான். பதிவுப் பத்திரத்தில் மட்டும் அவருடைய அண்ணன் பெயர் இருந்தது. கிராண்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த ஒற்றைத் தாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாம் ஜோசியர் செய்த வேலை. என் கணவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அவர் பெயரில் இரும்பு வாங்கினால் ரத்தக் காயம் உண்டு, சனி விலகும்வரை வண்டி மூத்தவர் பெயரில் இருக்கட்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வீடு மனைவி பெயரில், கடை மச்சான் பெயரில், கார் அண்ணன் பெயரில் என்று எழுதிவிட்டு, சனியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாக நிம்மதியாக இருப்பார்கள். நான் மருத்துவமனையில் தாதி. ரத்தம் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாமென்று தலையாட்டினேன். அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

அந்த அண்ணனை நாங்கள் எல்லோரும் பெரியண்ணன் என்போம். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவர் வீடு. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். கைக்கு எந்தக் கடிதம் வந்தாலும், அது கல்யாணப் பத்திரிகையே ஆனாலும், உறையைக் கத்தியால் நேராகக் கிழிப்பார். வலது மூலையில் வந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதுவார். இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிடுவார். அவர் கைக்குப் போன தாள் காணாமல் போகாது என்று குடும்பமே பெருமைப்படும். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கார் வாங்கியது எங்கள் தீவுக்குப் பாலம் திறந்த புதிதில். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் அவசரப் பிரிவில் வேலை பார்த்தேன். முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளை எந்த நிலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதனால் கார் விற்ற கடையிலேயே, அந்தக் கம்பெனியே செய்த பிள்ளை சீட் ஒன்றையும் வாங்கிப் பின்னால் பெல்ட்டால் இறுக்கிக் கட்டச் சொன்னேன். எங்கள் தெருவில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டு வளர்க்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

வினை தைப்பூசத்தன்று ஆரம்பித்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு எங்களோடு வருவதற்காகப் பெரியண்ணனும் அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் பட்டுடுத்தி வந்து நின்றார்கள். பிள்ளை சீட் இருந்தால் பின்னால் இரண்டு பேருக்குமேல் இடமில்லை. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார் பெரியண்ணன். முடியாது, வேண்டுமானால் இரண்டு நடையாகப் போகலாம் என்றேன். அவர் தெருவே கேட்கும்படி சொன்னார்:

"என் பேர்ல இருக்கிற காடியில எனக்கு எடம் இல்ல. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு எடம் இருக்கு."

என் கணவர் வழக்கம்போல வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றார். அவர்கள் டாக்சி பிடித்துப் போனார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகல். வேலை முடிந்து வந்த என்னை ஏற்றிக்கொண்டு என் கணவர் பர்மா ரோட்டில் வந்துகொண்டிருந்தார். மகள் பின்னால் தன் சீட்டில் இருந்தாள். சந்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக் போட்டார், அவ்வளவுதான். எங்கள் கார் எதன் மேலும் மோதவில்லை, மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு 'டக்' சத்தம் கேட்டது. பெல்ட்டின் பூட்டு தானாகத் திறந்து, சீட்டும் பிள்ளையும் சேர்ந்தே எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தன. அவள் நெற்றி கியர் கம்பியில் இடித்தது.

என்னுடைய பிரிவிலேயே, என்னோடு வேலை செய்தவர்களே ஏழு தையல் போட்டார்கள். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை கார் கடைக்குச் சண்டை போடவே போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு தமிழர், என் வயதுக்காரர். நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வண்டி எண்ணை வாங்கி ஒரு பட்டியலில் விரல் வைத்துத் தேடினார்.

"இதுக்குத்தான் லெட்டர் போட்டோமே அக்கா. பின்னால பெல்ட்டு பூட்டும் கோளாறு, பிள்ள சீட்டு பூட்டும் கோளாறு. ரெண்டையும் நாங்களே மாத்திக் கொடுக்குறோம். ரெஜிஸ்டர் தபால் லா, ஓனர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு."

ஓனர் யார் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தின் அடியிலுள்ள துண்டில் அவர் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மாற்ற முடியும் என்றும் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குத் தையல் போட்ட செய்தி அவருக்கு முந்தின நாளே தெரியும், எட்டிப் பார்க்கவில்லை. கடிதம் எங்கே என்றேன். அவர் தடுமாறவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். ரோட் டாக்ஸ் தாளுக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் நடுவில், இரண்டு ஓட்டை போட்டு ஒழுங்காகக் கோத்திருந்தது. வலது மூலையில் சிவப்பு மையில் தேதி. பதினோரு வாரத்துக்கு முந்தைய தேதி.

பதினோரு வாரமாக என் பிள்ளையை நான் தினமும் அந்தச் சீட்டில் உட்காரவைத்து, பத்திரமாக இருக்கிறாள் என்று நம்பியிருக்கிறேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"காடியில எனக்கு எடம் இல்ல. லெட்டருக்கு மட்டும் நான் வேணுமா?"

கையெழுத்துப் போடுவாராம். ஆனால் தைப்பூசத்தன்று நடந்ததற்கு, அவர் மனைவிக்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அந்த ஃபைலாலேயே அவர் முகத்தில் அறைந்திருப்பேன். ஆனால் கையெழுத்து இல்லாமல் பூட்டு வராது. அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நிற்கும்வரை காத்திருந்தேன்.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதியும் போட்டார்.

பெல்ட்டும் சீட்டும் அந்த வாரமே மாறின. கடையில் அடித்துண்டை மட்டும் கிழித்துக்கொண்டு கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். என் கணவர் அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிடக் கொடுமை, குடும்பம் இதற்குக் கண்டுபிடித்த அர்த்தம். ஜோசியர் சொன்னது எவ்வளவு சரி, பெரிய கண்டம் ஏழு தையலோடு போனது, வண்டி பெரியவர் பெயரில் இருந்ததால்தான் பிள்ளை பிழைத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதைப் பெரியண்ணன் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். சனி விலகியதும் வண்டியை மாற்றி எழுதினோம், என் பெயரில்.

மகள் அந்தக் கதையைக் கேட்டேதான் வளர்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தீபாவளிக்கு முந்தின நாள், கண்ணாடி முன்னால் நின்று முடியை இழுத்துவிட்டு நெற்றித் தழும்பை மறைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா இல்லையென்றால் நான் செத்திருப்பேனா அம்மா என்று கேட்டாள். பீரோவைத் திறந்து அந்தக் கடிதத்தையும், தையல் போட்ட நாளில் மருத்துவமனையில் கொடுத்த அட்டையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இரண்டிலும் தேதி இருந்தது. அவள் கணக்கில் கெட்டி. சிவப்பு மையில் எழுதும் கை யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும், அவள் பிறந்தநாள் அட்டைக்கெல்லாம் அவர் அப்படித்தான் தேதி போடுவார்.

மறுநாள் காலை எல்லோரும் பெரியண்ணன் வீட்டில் கூடினோம். பிள்ளைகள் வரிசையாகப் பெரியவர்கள் காலில் விழுந்தார்கள். மகள் பெரியம்மா காலில் விழுந்து எழுந்தாள். பெரியப்பா முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அவர் ஆசீர்வாதம் செய்யத் தூக்கிய கை அப்படியே இருந்தது.

"அந்த லெட்டர ஏன் பெரியப்பா கொடுக்கல?"

என் கணவர் வாசலைப் பார்த்தார். பெரியண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு இதையெல்லாமா சொல்லிக் கொடுக்கிறது?"

அவரிடம் மன்னிப்புக் கேட்ட அதே இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். "ஆமாண்ணே" என்றேன். "கடுதாசிய உரியவங்ககிட்ட கொடுத்துட்டேன்."