முடிச்சைத் தொடாத ஊசியக்கா

குப்பை தரம் பிரிக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்த புதிதில், கட்டிக் கிடந்த ஒரு பையை வெறுங்கையால் அவிழ்க்கப் போய், யாரோ போட்டுவிட்ட ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பதினோரு வருஷமாக எந்தப் பையையும் அவள் நம்புவதில்லை. மனசுக்குள் சாமியை நினைத்துக்கொண்டு கோலால் இரண்டு தட்டு. சத்தத்தைக் கேட்பாள். பிறகும் முடிச்சைத் தொடமாட்டாள்; பக்கவாட்டில்தான் கிழிப்பாள்.

பையோடு நின்றதா அந்தச் சந்தேகம்? புருஷன் தாமதமாக வந்தாலும் கேள்வி, சீக்கிரம் வந்துவிட்டால் இன்னும் பெரிய கேள்வி.

ஒரு திங்கட்கிழமை, பளபளக்கும் செருப்போடு ஓர் அம்மாள் நோட்டும் கையுமாக வந்தாள்.

"அரசாங்கத்துல இருந்து வந்திருக்காங்க" என்றார் சூப்பர்வைசர். "நம்ம தொழில்ல யாருக்கு என்ன வேலை, இனிமே எந்த வேலை கூடும், எது குறையும்னு கணக்கெடுக்கறாங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

ஊசியக்காவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் பாட்டில் பொறுக்கும் பாட்டில்காரியின் காதைக் கடித்தாள்.

"ஏண்டி, எதுக்கு தலைய எண்ணுறாங்க? கழிச்சுக் கட்டத்தான?"

"கழிச்சா உன்னத்தான் முதல்ல கழிப்பாங்க. உன் வாய்க்கே ரெண்டு ஆள் கணக்கு வருமே!"

"சிரிக்காதடி. பிரிக்கிற வேலைக்கு மெஷின் வருதாம். லாரி டிரைவர் சொன்னாரு."

அவள் முறை வந்தது. "உங்களுக்கு என்ன வேலைம்மா?"

மெஷின் பாட்டிலைப் பொறுக்கும், துடைப்பத்தைப் பிடிக்குமா? "கூட்டுற வேலைங்க" என்றாள். வாயைத் திறக்கப்போன பாட்டில்காரியின் காலை நறுக்கென்று மிதித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மூடிப்போன சாயத் தொழிற்சாலையின் விஷ மண்ணைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம். பத்து வருஷத்துக்கு மேல் குப்பை பிரித்தவர்களுக்கு அங்கே நிரந்தர வேலை. கூட்டுவதற்குத்தான் மெஷின் வண்டி வருகிறதாம். கூட்டுகிற நாலு பேருக்கும் மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. அந்த நாலில் அவள் ஒருத்தி.

தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாளே! பட்டியலை மூன்று தரம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். நோட்டுக்கார அம்மாள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், நான் பிரிக்கிற ஆளுங்க. பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "மிச்ச மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க. போன வாரம் பொய்யா, இன்னைக்குப் பொய்யா?"

"சூப்பர்வைசரைக் கேளுங்க."

"அவரு நாலு பேருக்கும்தான் தலையாட்டறாரு."

நம்பாமல் பார்ப்பது எப்படி என்று ஊசியக்காவுக்குத் தெரியும். அப்படிப் பார்க்கப்படுவது இப்போதுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

"சரி, இதைப் பிரிச்சுக் காட்டுங்க." லாரி அப்போதுதான் கொட்டிவிட்டுப் போன குவியலிலிருந்து ஒரு பையை இழுத்து, அந்த அம்மாளே முடிச்சில் கை வைத்தாள்.

"தொடாதீங்க!" ஊசியக்கா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

கோலால் இரண்டு தட்டு. காதைச் சாய்த்தாள். "உடைஞ்ச கண்ணாடி இருக்கு. மாத்திரை அட்டை இருக்கு. அடியில ஈரத்துணி." பக்கவாட்டில் கிழித்தாள். அத்தனையும் கொட்டியது. கடைசியில் முடிச்சைக் கத்தியால் அறுத்துப் பிரித்தபோது, மடிப்புக்குள் சொருகிக்கொண்டு ஓர் ஊசி நின்றது.

அந்த அம்மாள் தன் விரல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நோட்டைத் திறந்து, ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

"காட்டுங்க மேடம்." ஊசியக்கா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். "எல்லாம் சரி. பென்சில்ல எழுதியிருக்கீங்களே?"

"எல்லாமே பென்சில்தாம்மா."

ஊசியக்கா மேலங்கிப் பைக்குள் கை விட்டாள். குப்பையில் கிடைத்து, எழுதிப் பார்த்துப் பத்திரப்படுத்திய பேனா. "இதால ஒரு தரம் எழுதிடுங்க. நல்லா எழுதும்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினாள். ஊசியக்கா பேனாவை மறக்காமல் வாங்கிக்கொண்டு நடந்தாள். கூடத்து வாசல் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.