மேலே குழாய், கீழே வால்வு

தையல்காரருக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. மெஷினை விட்டு எழுந்த பிறகும் கால் ஓயாது. சாப்பிடும்போது மேசைக்கடியில் மிதித்துக்கொண்டே இருக்கும். "அந்தக் காலைக் கழட்டி வெச்சிட்டுத்தான் சாப்பிடுங்களேன்" என்பாள் மனைவி. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற மனிதருக்குத் தன் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க நேரம் வாய்த்ததில்லை. பாதி வெட்டிய துணி, ஒரு கை மட்டும் வைத்த சட்டை, ஆறிப்போன அரை டம்ளர் டீ, இவற்றுக்கு நடுவில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அப்படிப்பட்டவர் ஒரு விடுமுறை நாள் காலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தார். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் தண்ணீர் கசிந்தது. பிளம்பருக்குப் போன் போட்டாயிற்று. "இதோ வந்துட்டே இருக்கேன்" என்றார் அவர். எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறாரோ, ஆளைக் காணோம்.

காத்திருக்க முடியாததற்குக் காரணம் கீழ்வீடு. வீடு அப்பா கட்டியது. மாடி இவருக்கு, கீழே அண்ணனுக்கு. பாகம் பிரித்த அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன், "இவனை நம்பி ஒரு வேலையைக் குடுக்க முடியுமா? எதையாவது முழுசா முடிச்சிருக்கானா?" என்று கேட்டுவிட்டார். பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். உண்மையாக இருந்ததால் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. வாசலைப் பிரித்தார்கள், படிக்கட்டை வெளியே மாற்றினார்கள். குழாயை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது அண்ணன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஏறி, தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இவர் தொட்டிக்கு வந்தது. அந்த ஓட்டை வழியாக அண்ணனின் இருமல் கேட்கிறது என்று வெட்டுத்துணியாகத் திணித்து அடைத்து வைத்திருந்தார்.

இப்போது அந்தத் துணி முழுக்க நனைந்திருந்தது. இனி சொட்டுக் கீழே விழும். அண்ணன் நிமிர்ந்து பார்ப்பார். அன்றைக்குச் சொன்னது சரியாகத்தான் போயிற்று என்று நினைப்பார். அதை நினைக்கவே தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீரை நிறுத்துகிற வால்வும் கீழேதான் இருந்தது. அதை மூடாமலேயே வேலையை முடித்துவிடலாம் என்று ஸ்பானரைப் போட்டு ஒரு திருகு திருகினார். முகத்தில் பீய்ச்சி அடித்தது.

"கீழ போய் மூடச் சொன்னா கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் மனைவி.

"நீ போய்ச் சொல்லு."

ஓரகத்திகளுக்குள் ஒருநாளும் சண்டை இருந்ததில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தாள். "கைப்பிடி தேஞ்சு போச்சாம். கையை விட்டா தானாத் திறந்துக்குதாம். உங்க அண்ணன் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. சட்டுனு முடிங்க."

ஈரத்துணியைப் பிடுங்கி எறிந்தார். ஓட்டையில் வெளிச்சம் வந்தது. கீழே வால்வைப் பிடித்திருந்த கையும், அதற்கு மேல் ஓர் உச்சந்தலையும் தெரிந்தன. பாதி வழுக்கை, மீதி நரை. தையல்காரருக்குத் திக்கென்றது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, இது எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. குழாயைக் கழற்றி, கசியாமல் இருக்கக் கடையில் கொடுத்த வெள்ளை டேப்பைக் குழாய் முனையின் திருகுமரை மேல் விறுவிறுவென்று சுற்றினார். சுற்றுகிற வேலையா அவருக்குத் தெரியாது? தினமும் பாபினில் நூல் சுற்றுகிற கை. குழாயை மாட்டித் திருகும்போது டேப் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

"திறக்கச் சொல்லு."

மனைவி ஓட்டையில் குனிந்தாள். "அக்கா, திறக்கச் சொல்லுங்க!"

பக்கத்தில் நிற்கிற புருஷனுக்கு அண்ணி எடுத்துச் சொன்னாள். "திறக்கணுமாம்."

திறந்ததும் நாலா பக்கமும் தண்ணீர் சீறியது. "மூடச் சொல்லு, மூடச் சொல்லு!" இரண்டு வாய் தாண்டி அது போய்ச் சேர்வதற்குள் தையல்காரர் குளித்துவிட்டார். புடவை நனைந்த மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன தபால்காரியா? இனிமே நீங்களாச்சு, உங்க அண்ணனாச்சு" என்று சொல்லிவிட்டு வேறு புடவை மாற்றப் போய்விட்டாள்.

குழாயை மறுபடி கழற்றினார். டேப் கந்தலாகிக் கிடந்தது. மரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பாபின் சுற்றுகிற பக்கம் வேறு, மரை திரும்புகிற பக்கம் வேறு. திருகத் திருக, சுற்றியதை அவரே அவிழ்த்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, கை இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். மாட்டினார். இறுக்கினார். டேப் அசையவில்லை.

இனி வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். தொண்டையைச் செருமினார். எழுந்துபோய் மனைவியைக் கூப்பிடலாமா என்று பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. கீழே அண்ணன் வால்வைக் கை மாற்றிப் பிடிப்பது தெரிந்தது.

"அண்ணே, திற" என்றார்.

கீழிருந்து அண்ணன் குரலே வந்தது.

"திறக்கிறேன்."

குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. தையல்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு இணைப்பைச் சுற்றி விரலால் தடவினார். ஈரமில்லை. மறுபடி தடவினார். ஒரு சொட்டு இல்லை. நம்பவே முடியவில்லை. கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஒழுகுதா?" என்று கேட்டார் அண்ணன்.

முடிந்துவிட்டது என்று சொன்னால் அண்ணன் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான்.

"லேசா ஒழுகுதுண்ணே. கொஞ்சம் மூடிப் பிடிச்சுக்கோ."

அண்ணன் நிமிர்ந்தார். அவருக்கு நேர் மேலே, ஓட்டை வழியாக இறங்கும் குழாயில் புதிதாக ஒரு சொட்டுகூட வழியவில்லை. அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு வால்வை மூடி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாடா, இங்கயும் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அவசரமில்ல, நிதானமாப் பாரு."