முடியாதுங்க

நம் பதிலை வைத்துத்தான் கதை நகரும் என்று சொல்லி விற்கிற ரோல்பிளேயிங் கேம் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. புதுசாக வாங்கிய கேமில் ஊர்த்தலைவர் என்னைப் போருக்குக் கூப்பிட்டார். திரையில் இருந்த மூன்று பதில்களில் "முடியாது" என்பதை அழுத்தினேன். "உன் நல்ல மனசு எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் போருக்கே அனுப்பிவிட்டார். கேம் எழுதினவனே, அப்புறம் எதற்குடா அந்தப் பதிலை வைத்தாய்?

மறுநாள், நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்த பனியன் கம்பெனியில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க, ஷிப்மென்ட் இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை வந்துர்றீங்களா?"

"முடியாதுங்க. தங்கச்சிக்கு நிச்சயதார்த்தமுங்க."

"அதெல்லாம் வந்துருவீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதுங்களா?"

அதே வசனம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் அவர் என்னைக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஒரு 'ங்க' போட்டுவிட்டால் உத்தரவுகூடக் கேள்வி மாதிரிதான் இருக்கும்.

"முடியாதுன்னு சொன்னது காதுல விழுகலீங்களா?" என்று கத்திவிட்டேன். பனியன்களைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிள் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மரியாதையாத்தானுங்க கேட்டேன்" என்றார், முகம் சுருங்கி.

"நானும் மரியாதையாத்தானுங்க சொல்றேன். வரமாட்டேனுங்க."

திங்கட்கிழமை போனபோது என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் கேம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு ஆள் முடியாது என்று சொன்னால் கதை மாற வேண்டும். என் கதை மாறியது.