மைனஸ் இரண்டும் உப்பளத் தண்ணீரும்

வளைகுடாவிலிருந்து திரும்பிய பிறகும் என் மகள் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில்தான் படிக்கிறாள். கணக்கில் ஒருமுறை தோற்றிருந்தாள். மறுதேர்விலும் தோற்றால் அந்தப் பாடத்தையே விட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மறுதேர்வன்று காலை பைக்கில் போகும்போது, "முக்கோணத்தை மைனஸ் இரண்டால பெருசாக்கினா எப்படி வரும்?" என்று கேட்டேன். மரக்காணம் உப்பளத்தோரம் வண்டியை நிறுத்தினேன்.

"தண்ணியப் பாரு. உப்புக்குவியல் தலைகீழா தெரியுதில்ல? அதான் மைனஸ். இதுக்கு மேல எப்படிம்மா சொல்றது?"

அவள் என்னை வரப்பில் நிற்கவைத்தாள். "அத்தா, வலது கையத் தூக்குங்க."

தூக்கினேன். தண்ணீரில் தலைகீழாக நின்ற உருவமும் அதே பக்கத்துக் கையைத்தான் தூக்கியது.

"பக்கம் மாறல பாருங்க. இது வெறும் பிரதிபலிப்பு. மைனஸ்ல ஒவ்வொரு முனையும் மையப்புள்ளி வழியா எதிர்ப்பக்கம் போகணும். மேல கீழ மட்டுமில்ல, இடம் வலமும் மாறும். அப்புறம் ரெண்டு மடங்கு ஆகும்."

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் தோத்த?"

"போன பரீட்சைக்கு நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் போட்டேன். அந்த ஒரு கணக்கு மார்க்குலதான் போச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'பெரிய டீச்சரம்மா, வாயை மூடிட்டு வரை'ன்னீங்க."

வண்டியைக் கிளப்பினேன். பள்ளி வாசலில் இறங்கியதும், "அப்போ மாத்திப் போடட்டுமா அத்தா?" என்று கேட்டாள்.

தான் சொல்வதே சரி என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் என் அனுமதிக்காக நின்றாள். ஒரு மாதமாக அவள்மேல் எனக்கிருந்த எரிச்சல் முழுவதும் அந்த நிமிடம் என்மேல் திரும்பியது. இன்னும் தணியவில்லை.