மணல்மேட்டுக்குப் பின்னால் போகக் கூடாது

என் கணவருக்குப் பாலைவனம் என்றால் கிறுக்கு. ஃபோர் வீல் வண்டி வாங்கிய நாளிலிருந்து, விடுமுறை நாள் விடிந்தால் மனிதருக்கு அரபு நாட்டில் நாங்கள் குடியிருக்கும் முவைலா ஃபிளாட்டில் இருப்புக்கொள்ளாது. தனியாகப் போய்த் தொலைவாரா என்றால் அதுவும் இல்லை. நானும் வர வேண்டும், ஐந்து வயது மகளும் வர வேண்டும்.

பாதுகாப்பில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. மண்வெட்டி, இழுவைக் கயிறு, டயருக்குக் காற்றடிக்கும் மெஷின், முதலுதவிப் பெட்டி, ஒரு கல்யாணத்துக்குப் போதுமான தண்ணீர் எல்லாம் ஏறிவிடும். மகளின் சீட்டை இறுக்கிக் கட்டிவிட்டுப் பிடித்து உலுக்குவார். சீட்டு ஆடாது, வண்டிதான் ஆடும்.

"இவ்ளோ பண்றீங்களே, அங்க பாத்ரூமுக்கு என்னங்க பண்றது?" என்று முதல் தடவையே கேட்டேன்.

"போற வழியில பெட்ரோல் பங்க் இருக்கே" என்றார். அதற்குப் பிறகு நாள் முழுக்க மணல்தான் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

நான் சொல்லவந்தது எங்கள் மூன்றாவது பயணத்தைப் பற்றி. மலீஹா பாலைவனப் பக்கம், சில தமிழ்க் குடும்பங்கள், ஒரு வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி. முன்னால் வழிகாட்டிப் போகிறவர் நாகர்கோவில்காரர். நாங்கள் அவரைக் கேப்டன் என்போம். வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி கொடுத்துவிட்டு, கிளம்புமுன் சட்டம் படித்தார்.

"பிள்ளைகள ஒருத்தரும் மணல்மேட்டுக்குப் பின்னால விடப்பிடாது. அந்தப் பக்கமிருந்து வண்டிய ஏத்திட்டு வாறவனுக்கு இந்தப் பக்கம் யாரு நிக்கான்னு தெரியாது. பெரியவங்களுக்கும் இதே சட்டந்தான்."

நல்ல சட்டம். ஆனால் அந்த மொட்டைக் காட்டில் ஒதுங்குவதற்கு இருந்த ஒரே மறைவு மேட்டின் பின்பக்கம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

ஒவ்வொரு இறக்கத்திலும் "அகெய்ன்!" என்று கத்துகிற என் மகள் அன்று வாயே திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "தலை வலிக்குது" என்றாள். அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தால், காலையில் நிரப்பியது அப்படியே கனத்தது.

கணவர் வாக்கி டாக்கியில் சொல்ல, எல்லா வண்டிகளும் நின்றன. கேப்டன் வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது வெளையாட்டில்ல. ரோட்டுக்குப் போகணும்னா இன்னும் எவ்வளவோ குலுங்கணும். வாந்தி எடுத்தா பிள்ளை வதங்கிரும். மொதல்ல தண்ணி குடிக்கட்டும். அதுவரைக்கும் வண்டி நகராது."

வண்டி நிழலில் உட்காரவைத்து ஈரத்துணியால் துடைத்தேன். பாட்டிலை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், பிறகு வழக்கம்போல் கத்தினேன்.

"ஏண்டி குடிக்க மாட்டேங்கற?"

"குடிச்சா சூசூ வரும். ஹியர் நோ டாய்லெட். எவ்ரிபடி வில் ஸீ."

"நீ சின்னக் குழந்தைடி. யாரும் பாக்க மாட்டாங்க."

"அப்ப நீ ஏன் குடிக்கல?"

அவள் கை காட்டிய இடத்தில் என் பாட்டில் இருந்தது. மூடியின் சீல்கூட உடையவில்லை.

கணவர் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் காலேஜுக்குப் போன காலத்திலிருந்தே வெளியில் கிளம்பினால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. யோசித்துச் செய்வதில்லை, பழகிவிட்டது. மகளுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே படித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் வேலைக்காகாது என்று கணவர்மேல் பாய்ந்தேன்.

"மண்வெட்டி எடுத்துட்டு வரத் தெரியுது. ஒரு போர்வைய மறைப்பாக் கட்டணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

இரண்டு வண்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, நடுவே இழுவைக் கயிற்றைக் கட்டிப் கீழே உட்காரக் கொண்டுவந்த விரிப்புகளைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கயிறு உருப்படியான ஒரு வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். ஆண்கள் எல்லோரும் கடைசி வண்டிக்கு அப்பால் விரட்டப்பட்டார்கள்.

"எல்லாத்துக்கும் நீதான் ஃபர்ஸ்ட்" என்றாள் மகள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

பாட்டிலைத் திறந்து நான் ஒரு மடக்குக் குடித்தேன். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். இப்படியே மாறி மாறி, அவளுக்கு மெல்ல முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு முட்டியது. ஒரு நாள் முழுக்க அடக்கத் தெரிந்தவள்தான், ஆனால் வாக்கு வாக்குதானே, போர்வைக்குப் பின்னால் போனேன். மகள் வெளியே காவல் நின்றாள். சும்மா நின்றிருந்தால் தேவலை. சீட்டில் கிடந்த வாக்கி டாக்கியை எடுத்துவிட்டாள்.

"ஹலோ எவ்ரிபடி. டோன்ட் லுக். அம்மா சூசூ போறாங்க. ஓவர்."

'போறாங்க'வாம். எப்போதும் 'நீ'தான், எனக்கு இல்லாத மரியாதை அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது. எல்லா வண்டியிலும் அது ஒரே நேரத்தில் கேட்டது. மணல் என்னை அப்படியே விழுங்கிவிடாதா என்றிருந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காதைப் பொத்திக்கொள்ளப் போனேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. வண்டிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம்தான் வந்தது.

வெளியே வந்து பார்த்தால், போர்வைக்கு முன்னால் அத்தனை வண்டிப் பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் கேப்டனின் மனைவி. என் மகள் அவரைக் கையால் மறித்து, "ஆன்ட்டி, நான்தான் நெக்ஸ்ட்" என்று உள்ளே ஓடினாள்.

கேப்டனின் மனைவி சிரித்துக்கொண்டே கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"ரெண்டு வருசமா இவங்ககூட வாறேன் கேட்டியளா. இந்த மணல்ல நின்னு இன்னைக்குத்தான் ஒரு வாய் தண்ணி குடிக்கேன்."