அந்த அம்மா சொட்டுநீருக்கு மாறிய காரணம்

எண்பதுகளின் நடுவில் ஆரம்பாக்கம் பக்கத்து உப்புநீர் ஏரிக்கரை ஊர்களுக்கு நான் விவசாய அலுவலர். விவசாயத்தில் பட்டம் வாங்கியவன். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அம்மாவுக்கு அரை ஏக்கர் மணல் நிலம். கணவர் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர். இறால் கிடைக்காத மாதங்களில் அந்த அம்மா போடும் கத்தரியும் மிளகாயும்தான் வீட்டுக்குச் சோறு. கிணறு ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. அங்கே கிணறு தோண்டுகிறவர்கள் சாணுக்குச் சாண் ஊறும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ருசி சற்று மாறினாலும் மண்வெட்டியோடு மேலே ஏறிவிடுவார்கள். எனக்கு அது அறியாமையாகத் தெரிந்தது.

கோடையில் கிணறு மதியத்துக்குள் வற்றியது. இன்னும் எட்டடி வெட்டச் சொன்னேன்.

"வேணா சார். கீழ போனா உப்புனு எங்க நைனா சொல்லும்."

"உங்க நைனா எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மறுவாரம் வெட்டினார்கள்.

தண்ணீர் பொங்கியது. ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். மேலதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன். பத்து நாள் கழித்துப் போனபோது அந்த அம்மா ஒரு சொம்பை நீட்டினார்.

"குடி சார்."

குடித்தேன்.

"இன்னா, நல்லாக்குதா? கஞ்சிக்கு உப்பு வாங்கற வேல மிச்சம்."

செடிகள் இலை ஓரம் கருகிச் செத்தன. வெட்டிய ஆழத்தை மணல் போட்டு மூடினார்கள். உப்பு போகவில்லை.

பிறகு அவரே நிலத்தின் மறுமூலையில், நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து, சின்னதாக ஒரு குழி தோண்டினார். காலையில் பத்துக் குடம் நல்ல தண்ணீர் ஊறும். வாய்க்காலில் விட்டால் மணலே குடித்துவிடும்.

அடுத்த வருடம் ஒரு தென்னந்தோப்பில் சொட்டுநீர் செய்முறை விளக்கம் நடத்தினேன். அந்த அம்மாவை நான் அழைக்கவில்லை. வந்து பின்னால் நின்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பத்துக் கொடம் தண்ணி எத்தினி செடிக்கு வரும் சார்?"

நான் மகசூலைப் பற்றிப் பேசத் தயாராக வந்திருந்தேன். கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்த அம்மா பனைமரத் துண்டுகளின் மேல் ஒரு டிரம்மை ஏற்றி, கறுப்புக் குழாய் இழுத்தார். கால்வாசி நிலம் பிழைத்தது.

சிறு விவசாயிகள் ஏன் சொட்டுநீருக்கு மாறுகிறார்கள் என்று கேட்டு அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. அந்த அம்மாவிடம் காரணங்களை வாசித்துக் காட்டினேன்: நீர்ச் சிக்கனம், ஆள் சிக்கனம், அதிக மகசூல், அலுவலரின் ஆலோசனை.

"கடைசியா சொன்னியே, அதப் போட்டுக்கோ சார்" என்றார். "நீ சொல்லித்தானே கெணத்த வெட்டுனேன்."

அதில்தான் குறியிட்டேன். என்னைப் பாராட்டிக் கடிதம் வந்தது.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று மூன்று வரி இடம் இருந்தது. கிணற்றைப் பற்றி எழுத அது தாராளமாகப் போதும். காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.